கழுவிய பல்

கற்பிட்டியில் சாச்சியின் தென்னந்தோட்டத்தில் கிணறு வெட்டியபோது மண்ணோடு சிப்பி சிப்பியாக வந்தது. பழங்காலத்து ஆட்கள் தின்று போட்ட மேடு அது. கேள்விப்பட்டதும் எங்கள் தொல்லியல் குழு வந்து இறங்கியது. உம்மாவை ராத்தா, ராத்தா என்று சுற்றிவந்த தங்கச்சியின் வீடு என்பதால் எனக்குச் சோற்றுக்கும் படுக்கைக்கும் குறைவில்லை. மேட்டின் அடியில் ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைத்தன.

எனக்கு மற்ற எலும்புகளைவிடப் பல்தான் பெரிது. ஆள் போய்ச் சேர்ந்தாலும் தின்றது பல்லில் கிடக்கும். சிப்பியோடு மணலையும் சேர்த்து மென்றவர்களுக்குப் பல் தட்டையாகத் தேய்ந்திருக்கும். தானியம் விதைத்துக் காய்ச்சிக் குடிக்கத் தொடங்கியவர்களுக்குச் சூத்தை கூடும். இவளுக்கு இரண்டும் இருந்தன. தேய்ந்த கடைவாய்ப் பல்லில் ஒரு கடுகு போகும் அளவுக்குச் சூத்தை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனாலும் சூத்தையை மட்டும் நம்ப முடியாது. தேனோ காட்டுக்கிழங்கோ தின்றாலும் அது விழும். உண்மையைச் சொல்லக்கூடியது பல்லின் அடியில் கல்லாய் இறுகிக் கிடந்த ஊத்தை. அவள் தின்றதன் மாப்பொருள் அதற்குள் அகப்பட்டிருக்கும். நுணுக்குக்காட்டியில் வைத்தால் குரக்கனா, நெல்லா, கிழங்கா என்று பார்க்கலாம். இந்தக் கரையில் முதலில் விதைத்தது யார் என்று வருஷக்கணக்காக அலைகிறவள் நான். பதில் கைக்குள் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. தாடையைப் பெட்டியில் வைத்து, "அந்தப் பொம்பளையிட தாடை சாச்சி, பத்திரம்" என்று சொல்லிவிட்டுக் குழியை மூட ஓடினேன். ஊத்தை படிந்த பல்லுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது அறையில் கற்பூர வாசம். வெள்ளைச் சீலைத் துண்டின்மேல் தாடை இருந்தது. பற்கள் பளிச்சென்று இருந்தன. ஊரில் இறந்துபோகும் பெண்களின் மையத்துகளைக் குளிப்பாட்டுகிறவர் சாச்சி.

"என்ன செஞ்சீங்க?"

"கழுவினேன் மகள். வாயெல்லாம் மண்ணு. பல்லுல கல்லு மாதிரி ஊத்த. மிஸ்வாக் குச்சியால தேய்க்கக் கழண்டு வந்திட்டு."

"அந்தத் தண்ணி எங்க?"

"கால் படாத எடமாப் பாத்து வேலியோரம் ஊத்தினேன்."

வெளியே மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. "ஆரக் கேட்டுத் தொட்டீங்க? உங்களுக்கென்ன பைத்தியமா? இவ நம்மட ஆளே இல்ல. இஸ்லாம் வாறதுக்கு எவ்வளவோ முந்திச் செத்தவ" என்று கத்தினேன். அவரிடம் நான் அப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை.

சாச்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆரா இருந்தாலும் என்ட வளவுக்குள்ள கிடந்தவ. ஊத்த வாயோட வைக்க மனசு வரல்ல. உங்கட உம்மாட வாயையும் நான்தானே தொடச்சேன்."

உம்மா மௌத்தானபோது நான் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தேன். வந்து சேரும்போது அடக்கம் முடிந்திருந்தது. கடைசி நாட்களில் ஒன்றும் இறங்கவில்லை என்று மட்டும் சொன்னார்கள். அதற்குமேல் யாரிடமும் நான் கேட்டதில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அன்றைக்குக் கேட்டேன். "உம்மாட வாயில என்ன இருந்திச்சு, சாச்சி?"

அவர் சீலைத் துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"கஞ்சி. சுபஹுத் தொழுகைக்குப் பொறகு நான் ஊட்டினது. முழுங்கிட்டா எண்டு சந்தோசப்பட்டேன். குளிப்பாட்டக்குள்ள பாத்தா, கன்னக் கொடுப்புக்குள்ள அப்படியே இரிக்கி."

என் கோபம் எங்கே போயிற்றோ தெரியாது. அந்தப் பெண் என்ன தின்றாள் என்பது மழையோடு போய்விட்டது. நான் சாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

"சீனியும் போட்டுத்தான் மகள் குடுத்தேன்" என்றார் சாச்சி. "ராத்தாக்கு விருப்பம் எண்டு."