சோக் இழுத்தா ஓடுது, உட்டா நிக்குது!

இன்னிக்குக் காலைல குண்டடம் தாண்டி, பல்லடம் ரோட்டுல, வண்டி நின்னு போச்சுங்க!

எங்க பழைய பெட்ரோல் பிக்கப். (அது வயசுக்கு பென்ஷனே வாங்கலாம்.)

ஓட்டுனது நானு. பக்கத்து சீட்டுல எங்கூட்டுக்காரர். பின்னாடி அருள்புரம் பனியன் யூனிட்டுக்குத் தைக்கக் குடுக்க வேண்டிய கட் பீஸ் துணி மூட்டைங்க.

ஆனா முக்கியமாப் போனது டெலிவரிக்கு இல்லீங்க. அவரை பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

எட்டு மாசம் முன்னாடி அவருக்கு ஸ்ட்ரோக். அதுவரைக்கும் இந்த வண்டி ரிப்பேரெல்லாம் அவரேதான் பாப்பாரு. இப்ப நல்லா நடக்கறாரு, பேசறாரு. வலது கை மட்டும் மடியிலயே கெடக்கும்.

"பலம் திரும்பீருச்சு, நீங்கதான் யூஸ் பண்ணோணும்"னு பிசியோ மேடம் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டாங்க. அமுக்கறதுக்குப் பந்து குடுத்தா, அதைக் கீழ வெச்சுட்டு ஜன்னலைப் பாப்பாரு.

இன்னிக்கு வரவே மாட்டேன்னு அடம். கெஞ்சித்தான் ஏத்திட்டு வந்தேன். இதுல வண்டியும் நின்னா?

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "கார்ப்பரேட்டர் வண்டியாங்க்கா? மதியத்துக்கு மேலதான் வர முடியும்"னுட்டாரு.

அப்பத்தான் எங்கூட்டுக்காரர் வாயத் தொறந்தாரு. (வண்டில ஏறுனதுல இருந்து மொத வார்த்தை!)

"அம்மணி, சோக் இழுத்துட்டு ஸ்டார்ட் பண்ணு."

புடிச்சுது! சோக்கை உட்டதும் ஆஃப்.

"பெட்ரோல் வருது, ஆனா பத்தல. கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் போற ஜெட் அடைச்சிருக்கும். கழட்டிப் பாக்கலாம்."

"யாரு கழட்டறதுங்க?"

"நீதான். நான் சொல்றேன்."

எஞ்சின் ஆறட்டும்னு கொஞ்ச நேரம் நின்னோம். அப்புறம் ஏர் ஃபில்டரைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு ஸ்பேனரைப் புடிச்சேன்.

"அந்தப் பக்கம் இல்ல அம்மணி, இந்தப் பக்கம்!"

"எந்தப் பக்கம்னு ஒழுங்காச் சொல்லுங்களேன்!"

"கத்தாத, போறவீக எல்லாம் பாக்கறாங்க."

எட்டு மாசம் கழிச்சு நாங்க போட்ட மொத சண்டைங்க அது. எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா?

கடைசியா வெளிய வந்துச்சு ஜெட். சுண்டு விரல் நகமளவு பித்தளைத் திருகு. நடுவுல ஊசி நுனியாட்டம் ஓட்டை.

அவரு இடது கைல, கழட்டுன ஸ்க்ரூவெல்லாம் இருந்துச்சு. நான் யோசிக்காம ஜெட்டை நீட்டினேன்.

அவரும் யோசிக்கல.

வலது கைல வாங்கிட்டாரு.

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேந்து புடிச்சிருக்குது. மெல்ல மேல தூக்கி, ஒத்தைக் கண்ணை மூடிட்டு, வெளிச்சத்துல பாக்கறாரு!

நான் வாயத் தொறந்தா கை கீழ எறங்கீருமோன்னு பயம்.

"பஞ்சு அடைச்சிருக்குது அம்மணி."

(பெட்ரோல் டேங்க் மூடி தொலைஞ்சதுக்கு பனியன் வேஸ்ட்டைத் திணிச்சு வெச்ச புண்ணியவதி நானேதானுங்க!)

வாய்ல வெச்சு ஊதினாரு. மறுபடி தூக்கிப் பாத்தாரு.

"ம்... வெளிச்சம் தெரியுது."

அதுக்கப்புறம்தான் தன் கையப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு.

"ஏன் அம்மணி அழுகற?"

"பெட்ரோல் கண்ணுல பட்டுருச்சுங்க."

அவரு கண்ணுலயும் பட்டிருக்கும் போல.

எல்லாத்தையும் மாட்டிட்டு சாவியத் திருப்பினேன். சோக் இல்லாமயே வண்டி கிளம்பீருச்சு!

பிசியோ மேடம்கிட்ட நடந்ததைச் சொன்னேன். அவங்க அந்தப் பந்தை எடுத்து டிராயர்ல போட்டுட்டாங்க. "தினமும் ஊட்டுல இதையே கழட்டி மாட்டச் சொல்லுங்க"ன்னாங்க.

எங்கூட்டுக்காரர் சிரிச்சாருங்க!

எங்க வண்டியோடதை தினமும் கழட்டினா எங்க பொழப்பு ஓடாது. அதனாலதான் இந்தப் பதிவு.

ஓடாத பழைய கார்ப்பரேட்டர் ஏதாச்சும் உங்க ஊட்டு மூலைல சும்மா கெடக்குதுங்களா?

எந்த வண்டியோடதா இருந்தாலும் பரவால்லீங்க. அவரையும் கூட்டிட்டு நானே வந்து வாங்கிக்கறேன்!