முதல் படத்துக் கதிரை

முற்றத்தில் அம்மா இருந்தார், தங்கச்சி இருந்தாள், கமராவுக்குப் பின்னால் நான். அண்ணை இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் கரம்பொன்னிலிருந்து கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அடுத்த ஞாயிறு அவருடைய ஆத்துமத்துக்குக் கோயிலில் இறந்தோர் பூசை ஒப்புக்கொடுக்க அம்மா அப்போதுதான் ஒருவாறு சம்மதித்திருந்தார். பூசை முடிந்ததும் அவர் திண்ணையில் உட்காரும் கதிரையை உள்ளே எடுத்துவிடலாம் என்றார். அன்றைக்கு மட்டும், படத்துக்காக, அதைத் தூக்கிவந்து, கரிபிடித்த குசினி வாசலின் இருட்டுக்கு முன்னால், தன் பக்கத்தில் வைத்தார்.

உண்மையில் அது வானத்துக்காக வாங்கிய பிலிம். நட்சத்திரம் பிடித்த நெகட்டிவ் வெறுமையாகத்தான் தெரியும்; பழுதென்று ஸ்ரூடியோக்காரர் எறிந்துவிடுவார். அதனால் முதல் படம் பகலில், மனிதர்களை எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். இதையெல்லாம் புத்தகம் பார்த்துத்தான் பழகினேன்.

அன்றிரவு, கனடாவிலிருந்து மாமா அனுப்பிய சிறிய தொலைகாட்டியைக் கிணற்றடி மறைப்புக்குள் நிறுத்தினேன். சமாதான காலந்தான், என்றாலும் தூரத்திலிருந்து பார்க்கிற நேவிக்காரருக்கு அந்தக் குழல் வேறொன்றாகத் தெரியலாம். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் வாளிலுள்ள புகைபோன்ற நெபுலாவுக்கு, கமராவைத் தொலைகாட்டியில் பொருத்தித் திறந்துவைத்து, நட்சத்திரம் விலகாதபடி பத்து நிமிடம் திருகாணியைக் கையால் திருப்பிக்கொண்டிருந்தேன். மணிக்கூடு பார்த்த தங்கச்சி, "புகை பார்க்கிறதெண்டால் அடுப்படியிலை இருக்கலாமே, சின்னண்ணை" என்றாள்.

யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோவிலிருந்து ஒரே ஒரு படம் வந்தது. பிலிம் நகரவில்லை. பகலின் மேல் இரவு விழுந்திருந்தது. கதிரைக்கு மேலே, வாசல் இருட்டில், ஆள் உயரத்துக்கு இளஞ்சிவப்பாய் ஒரு புகை.

அம்மா நெடுநேரம் பார்த்தார்.

"வந்து நிக்கிறான்."

கமராவைத் திறந்து, பிலிம் வழுக்கிய சக்கரப் பல்லைக் காட்டி விளக்கினேன்.

"நீ படிச்சனி, உனக்கு அது நட்சத்திரப் புகை. நான் பெத்தனான். பூசை வேண்டாமெண்டு சுவாமியாரிட்டைச் சொல்லிவிடு."

சுவாமியாரிடம் அதைச் சொல்வதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் சைக்கிளை எடுத்தேன். கோயில் வாசலில் நின்று படத்தை இன்னொருமுறை பார்த்தேன். புகையில் எனக்கும் ஒரு தோள் தெரிந்தது. உள்ளே போய், பூசை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பூசை பிறகு நடக்கவேயில்லை. கதிரை வாசலிலேயே நின்றது; இரவில் அதற்கு முன்னால் ஒரு கோப்பை சோறு. படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடும்படி, பூசைக்கென்று எடுத்துவைத்த காசை அம்மா என்னிடம் தந்தார். பிலிம், கழுவல், கண்ணாடிச் சட்டம் எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் முடிந்தது.