கமிஷன் போன இடத்தில் சாப்பிட்ட சோறு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வக்கீல் குமாஸ்தா வேலைக்குப் போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் பார்த்த வாழைக்காய் மண்டி வேலையில் ஏலம் கூவ வேண்டியிருந்தது. எனக்கோ நாலு பேர் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தாலே சொல்ல வந்தது மறந்துபோகும். "இவன் ஏலம் போட்டா காய் பழுத்துரும்" என்று முதலாளியே சொல்லிவிட்டார்.

என் மச்சினன்தான் வழி சொன்னான். "பேகம்பூர்ல ஒரு புது வக்கீலு ஆள் தேடுறாராம் மச்சான். கோர்ட்டுல நீங்க வாயே தெறக்க வேணாம். பேசுறது அவரு பாடு. நீங்க கேஸ் கட்டைத் தூக்கிக்கிட்டுப் பின்னால போனாப் போதும்." அதைவிட நல்ல வேலை உலகத்தில் உண்டா என்று அன்றைக்கே போய்ச் சேர்ந்துகொண்டேன். கையெழுத்து மட்டும் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

வக்கீலுக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவர் அத்தா என்று கூப்பிடும் தகப்பனார் தோல் மண்டி வைத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் கறுப்புக் கோட்டு போட்ட முதல் ஆள் இவர்தான். அத்தாவுக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் மண்டியில் ஆள் இல்லையே என்ற கவலை அந்தப் பெருமையை விடப் பெரிதாக இருந்தது. ஒருநாள் மண்டியில் வைத்து என் முன்னாலேயே சொன்னார்: "வர்ற நோன்புப் பெருநாள் வரைக்கும் பாரு. அதுக்குள்ள ஒரு வழி தெரியலைன்னா கோட்டை ஆணியில மாட்டிட்டு மண்டிக்கு வந்துரு." நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் தோல் மண்டிக்குப் போனால் நான் வாழைக்காய் மண்டிக்குப் போக வேண்டும்.

வக்கீல் தொழில் என்றால் எழுந்து நின்று முழங்குவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது என்று போன பிறகுதான் தெரிந்தது. காலையில் கட்டை எடுத்துக்கொண்டு முன்சீப் கோர்ட்டுக்குப் போவோம். கூப்பிடுவார்கள் என்று காத்திருப்போம். கூப்பிட்டதும் வாய்தா போடுவார்கள். திரும்பி வருவோம். சாயங்காலம் ஆபீசுக்கு வருகிற கட்சிக்காரர்களில் பாதிப் பேர் கேஸ் கொடுக்க வந்தவர்கள் இல்லை. பெரிய வக்கீலிடம் கேஸைக் கொடுத்துவிட்டு, அவர் சொன்னது சரிதானா என்று இவரிடம் இலவசமாகக் கேட்டுப் பார்க்க வந்தவர்கள். போகும்போது ஒரு பை கத்தரிக்காயை வைத்துவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் எங்கள் இரண்டு வீட்டிலும் கத்தரிக்காய் என்றாலே பிள்ளைகள் அழுதார்கள்.

ஆனாலும் அவருக்குக் கோர்ட்டு பிடித்திருந்தது. தன் கேஸ் இல்லாத நாளிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் வாதாடுவதைக் கேட்பார். எல்லாம் இங்கிலீஷில் நடக்கும். எனக்கு முகங்களைப் பார்த்துத்தான் யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரியும். திரும்பி நடந்து வரும்போது அவர் எனக்கு அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். நடுத்தெருவில் நின்று, "இந்த இடத்துலதான்பா அவரு மடக்குனாரு" என்று கையை வீசுவார். சைக்கிள்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள். அப்போது அவர் முகத்தைப் பார்த்தால் இந்த மனிதரைத் தோல் மண்டியில் உட்கார வைப்பது பாவம் என்று தோன்றும்.

பெருநாளுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது முன்சீப் அவரைக் கமிஷனராகப் போட்டார். தகராறில் இருக்கும் நிலத்தையோ வீட்டையோ நேரில் போய்ப் பார்த்து, அளந்து, உள்ளது உள்ளபடி ரிப்போர்ட் எழுதித் தருவதற்குக் கோர்ட்டு ஒரு வக்கீலை அனுப்பும். அவர்தான் கமிஷனர். புது வக்கீல்களுக்கு அதுதான் ஏணியின் முதல் படி. ரிப்போர்ட் நன்றாக இருந்தால் அடுத்ததும் வரும், நாலு பேருக்குப் பெயர் தெரியும். ஒரு கட்சிக்காரன் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று பேச்சு வந்தாலோ முதலும் கடைசியும் அதுதான். அத்தா கேட்ட வழி இதுதான் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

கேஸ் சாணார்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும், இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு. தன் முறைத் தண்ணீர் போகிற வாய்க்காலைத் தம்பி கரை போட்டு அடைத்துவிட்டான் என்று அண்ணன் கேஸ் போட்டிருந்தார். அங்கே வாய்க்காலே கிடையாது, கரை எங்கள் தாத்தா காலத்துக் கரை என்று தம்பி எதிர்வாதம் செய்தார். போய்ப் பார்க்கிற தேதியைக் குறித்து இரண்டு பேருக்கும் நான்தான் நோட்டீஸ் எழுதினேன். அது அந்த ஊர் மாதா கோயில் திருவிழா நாள் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவும் இல்லை. அன்றைக்குத்தான் ஊரில் எல்லோரும் இருப்பார்கள், எதிராளி தில்லுமுல்லு பண்ண முடியாது என்று இருவருமே நினைத்தார்களாம்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் இரண்டு மாட்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று அண்ணன் அனுப்பியது, ஒன்று தம்பி அனுப்பியது. வக்கீல் இரண்டையும் பார்த்தார். "நடந்துருவோம்" என்றார். நாங்கள் முன்னால் நடந்தோம், இரண்டு வண்டியும் காலியாகப் பின்னால் வந்தன. எதிரே வந்த ஒரு பெண், "ஏலே, மாட்டுக்குத்தான் இன்னைக்குத் திருவிழாவா? வண்டி சும்மா போகுது, கோட்டுப் போட்டவரு நடந்து போறாரு!" என்று வண்டிக்காரனிடம் கேட்டது எங்கள் காதில் நன்றாக விழுந்தது.

கிணற்றடியில் இந்தப் பக்கம் ஒரு குலை இளநீர், அந்தப் பக்கம் ஒரு குலை இளநீர்.

"செத்த நேரம் உக்காந்து ஒண்ணு குடிங்கய்யா" என்றார் அண்ணன்.

"அவன் மரத்துல காய் உப்புக் கரிக்கும். இதைக் குடிங்கய்யா" என்றார் தம்பி.

"ரெண்டும் வேணாம். நாடாவைப் பிடிப்பா" என்றார் வக்கீல்.

சேற்றில் நின்று நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு நான் இளநீரைப் பார்த்தபடியே அளந்தேன். வக்கீல் கரையைக் குனிந்து பார்த்தார். அதில் ஒரு புல்கூட முளைத்திருக்கவில்லை. தாத்தா காலத்துக் கரை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அதே சமயம், வாய்க்கால் இருந்ததாக அண்ணன் காட்டிய இடத்தில் பழைய புளியமரம் ஒன்று நின்றது. தண்ணீர் மரத்துக்குள் நுழைந்தா போயிருக்கும்? வாய்க்காலின் தடம் அதிலிருந்து தள்ளி வேறு இடத்தில் தெரிந்தது. ஆக, தம்பி சொன்னதும் பொய், அண்ணன் சொன்னதும் பாதிப் பொய். வக்கீல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். இரண்டு பேர் முகமும் விழுந்துவிட்டது.

உச்சி வெயில் தாண்டிவிட்டது. எங்கள் இருவருக்கும் கண் இருட்டியது. அண்ணன் வீட்டிலும் கோழி அடித்திருந்தார்கள், தம்பி வீட்டிலும் கோழி அடித்திருந்தார்கள். இரண்டு வாசனைக்கும் நடுவே நாங்கள் பஸ்ஸுக்குத் திரும்பி நடந்தோம். மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு ஊரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பங்குச் சாமியார் எங்களைப் பார்த்துவிட்டார்.

"கேள்விப்பட்டேன், ரெண்டு பேர் வீட்டுலயும் கை நனைக்கலையாமே. சரிதான். ஆனா இது கோயில் சோறு. இதுல வாதியும் கிடையாது, பிரதிவாதியும் கிடையாது. வாங்க, உக்காருங்க."

இதைவிட நியாயமான தீர்ப்பை நான் எந்தக் கோர்ட்டிலும் கேட்டதில்லை. உட்கார்ந்தோம். வக்கீல் பிஸ்மி சொல்லி அறுக்காத கறியைத் தொட மாட்டார். சோறும் சாம்பாரும் ரசமும் வாங்கிக்கொண்டார். சாம்பாரில் கத்தரிக்காய்தான் மிதந்தது. அவர் அதையும் சாப்பிட்டார். எனக்கு அந்தத் தடை எதுவும் இல்லை. பரிமாறுகிற பையன் கறி வாளியோடு வரும்போதெல்லாம் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ரிப்போர்ட்டை எழுதிப் போட்டோம். அடுத்த வாய்தாவில் இரண்டு பக்கத்து வக்கீல்களும் ஆட்சேபணை போட்டார்கள். அண்ணன் சொன்னது, கமிஷனர் பிரதிவாதி வீட்டு அரிசிச் சோற்றைத் தின்றுவிட்டு எழுதினார் என்று. தம்பி சொன்னது, கமிஷனர் வாதி வீட்டு ஆட்டுக் கறியைத் தின்றுவிட்டு எழுதினார் என்று. விஷயம் என்னவென்றால், அந்த வருஷத் திருவிழாச் சோற்றுக்கு அரிசி முழுவதையும் தம்பி கொடுத்திருந்தார். அவன் அரிசி கொடுத்தால் நான் கெடா கொடுக்கிறேன் என்று ஆடு முழுவதையும் அண்ணன் கொடுத்திருந்தார். சாமியார் எங்களைக் கூப்பிட்டபோது இதெல்லாம் அவர் நினைப்பில் வரவில்லை.

அன்று ராத்திரி வக்கீல் தூங்கவில்லை என்று மறுநாள் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. "எல்லாத்தையும் வேணாம்னுட்டு வந்து, கோயில்ல போய் விழுந்தோமேப்பா" என்றார்.

ஆட்சேபணையை விசாரிக்கிற நாளில் கோர்ட்டில் முன்சீப் அவரைப் பார்த்து என்னவோ கேட்டார். வக்கீல் எழுந்து பதில் சொன்னார். உடனே அண்ணனுடைய வக்கீல் துள்ளி எழுந்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு குமாஸ்தா என் காதில் சொன்னார்: "உங்க ஆளு சோறு மட்டும் தின்னேன், கறி தின்னலைன்னு சொல்லிட்டாருப்பா. போச்சு. அப்ப பிரதிவாதி சோறு மட்டும்தானே உள்ள போயிருக்கு?"

எனக்கு உட்கார்ந்திருந்த பெஞ்சு சூடாகிவிட்டது. அந்த நேரம் முன்சீப் தமிழில் கேட்டார்: "இவரோட யாரு போனது?"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எழுந்து எப்படி முன்னால் போனேன் என்று இன்றுவரை தெரியாது.

"நீயும் சாப்பிட்டியா?"

தலையை ஆட்டினேன்.

"வாயைத் தெறந்து சொல்லணும். என்ன சாப்பிட்ட?"

"சோறுங்கய்யா."

"வெஞ்சனம்?"

"கறிங்கய்யா."

"எம்புட்டு?"

பொய் சொல்லக் கூடாத இடம். "போடப் போட வாங்கிக்கிட்டேங்கய்யா" என்றேன். கோர்ட்டே சிரித்தது. எனக்குக் காது இரண்டும் எரிந்தன.

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுங்கய்யா."

அதுவரை பின்னால் கைகட்டி நின்ற அண்ணனுக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. "நல்லா இல்லாம? வீட்டுல வளத்த வெள்ளாட்டுக் கெடாங்கய்யா!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். தம்பி சும்மா இருப்பாரா? "அரிசியைப் பத்தி ஒரு வார்த்தை கேளுங்கய்யா. ஒரு கல்லு இருந்துச்சான்னு கேளுங்க!"

கோர்ட்டுச் சேவகரான டவாலி இருவரையும் அதட்டினார். முன்சீப் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எதுக்காக இம்புட்டுப் பெரிய சாப்பாடு?"

"மாதாவுக்கு நேந்துக்கிட்டதுங்கய்யா" என்றார் அண்ணன்.

"என்னன்னு நேந்தது?"

அண்ணன் தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "கேஸு செயிக்கணும்னு" என்றார்.

முன்சீப் தம்பியின் பக்கம் திரும்பினார். அவர் கேட்கும் முன்னாலேயே தம்பி, "நானும் அதுக்குத்தான் நேந்தேன்" என்றார்.

முன்சீப் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைப்பது போல வாயை மூடிக்கொண்டார். பிறகு இரண்டு பக்கத்துப் பெரிய வக்கீல்களிடமும் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டார். ரிப்போர்ட்டில் எந்த அளவு தப்பு, எந்த இடம் தப்பு என்று காட்டச் சொன்னாராம். இரண்டு பேரும் புரட்டிப் பார்த்தார்கள். ஒருவராலும் ஒன்றும் காட்ட முடியவில்லை. இரண்டு ஆட்சேபணையும் தள்ளுபடி ஆனது. வெளியே வந்ததும் வக்கீல் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வாரமே வடமதுரைப் பக்கம் ஒரு வீட்டுச் சுவர்த் தகராறுக்கு அவரையே கமிஷனராகப் போட்டார்கள்.

கிணற்றுக் கேஸ் அதற்குப் பிறகும் பல வருஷம் நடந்து மதுரைக்கு அப்பீலும் போனது. அது வேறு கதை. ஆனால் நான் கறி தின்ற கதை மறுநாளே பஜார் முழுவதும் பரவிவிட்டது. டீக்கடையில் என்னைப் பார்த்தால், "குமாஸ்தாவுக்குப் போடப் போட வாங்குற கை" என்பார்கள். கொஞ்ச நாள் சந்து வழியாகவே போய்வந்தேன்.

கதை தோல் மண்டிக்கும் போயிற்று. பெருநாளுக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் அத்தா ஆபீஸ் மாடி ஏறி வந்தார். அதுவரை வந்தே இராதவர். கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். வக்கீல் எழுந்து நின்றார்.

"தப்பா எழுதியிருக்குன்னு ஒருத்தனும் சொல்ல முடியலையாமே?" என்றார்.

"ஆமா அத்தா."

"ரெண்டு பெரிய வக்கீலும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

அத்தா தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, "மண்டிக்கு உன் தங்கச்சி மாப்பிள்ளையை வரச் சொல்லிட்டேன். உன்னை இனி அங்க எதிர்பாக்கல" என்றார். கோபமா சந்தோஷமா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து, என்னைப் பார்த்து ஒரு தடவை தலையை அசைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் ஆபீசுக்குப் போனபோது வக்கீல் கோட்டு போட்டுக்கொண்டு தயாராக வாசலில் நின்றார். இருவரும் நடந்தோம். கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் கதவே திறக்கவில்லை. டவாலிகூட வரவில்லை. "ரொம்ப முன்னாடியே வந்துட்டோம் போல" என்றார். அன்றைக்கு எங்களுக்குக் கேஸும் கிடையாது. பழக்கத்தில் தூக்கி வந்த கட்டை மரத்தடியில் வைத்துவிட்டு, திறக்கும் வரை நின்றுகொண்டிருந்தோம்.