கேரலுக்கு வந்த ஐயப்ப சாமி

மூங்கில்துறைப்பட்டில் அந்த வருடக் கிறிஸ்துமஸ் கேரலுக்கு நான்தான் தலைவன். டோலக் வாசிப்பவருக்குக் காய்ச்சல். அவருடைய டோலக்கை நான் சும்மா தோளில் சுமந்து வந்தேன். தாளமில்லாத பாட்டு தெருவெல்லாம் நொண்டியது. பாதிப்பேர் வீட்டுக்குத் திரும்பத் துடித்தார்கள்.

கரும்பு டிராக்டர் ஓட்டும் செல்வம் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். விரதக்காரர், சண்டைக்கு வருவார் என்று நானே முடிவுகட்டி, அவர் வாசலில் பாட்டை நிறுத்தினேன்.

கறுப்பு வேட்டியோடு வெளியே வந்தார்.

"இன்னா சாமி, எங்க வூடு வந்ததும் ஊமையா பூட்டீங்க?"

"நீங்க விரதம்..."

"விரதம் வவுத்துக்குத்தான் சாமி, காதுக்கா? நாங்களும் தெனம் பஜனை பாடிக்கினுதான் இருக்கோம். டோலக்கைக் குடுங்க!"

அவர் கைபட்டதும் டோலக்கில் இடி இறங்கியது. பஜனைத் தாளத்தில் பாலன் இயேசு பிறந்தார். கதவுகள் திறந்தன, மாடிகள் நிறைந்தன, எங்கள் தொண்டைகளுக்குப் பத்து வயது குறைந்தது. கடைசி வீடுவரை அவரும் வாசித்துக்கொண்டே வந்தார், ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

முடிவில் அவருக்கு ஒரு துண்டு கேக்கை நீட்டினேன்.

"முட்டை போட்டிருக்குமே சாமி! மலைக்குப் போய்வந்து துன்றேன், எடுத்து வைங்க" என்று சிரித்தார்.

அவரைக் கேட்காமலே அவருக்காக முடிவெடுத்த வெட்கத்தோடுதான் அந்தத் துண்டைக் காகிதத்தில் மடித்தேன். ஆனால் உள்ளே அவருடைய தாளம் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய கிறிஸ்துமஸை நான் அதற்குமுன் பாடியதே இல்லை.