பனி தள்ளாத உழவு இயந்திரம்

மாடு தின்னாத புல்லை வெட்டுவதற்கென்றே இந்த நாட்டில் ஓர் உழவு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ஆள் ஏறி இருந்து ஓட்டுவது. கதிரை, முன்விளக்கு எல்லாம் உண்டு. உயரம் மட்டும் என் இடுப்புவரைதான். வைகாசி முதல் புரட்டாதி வரை வாரம் ஒருமுறை புல்லை வெட்டி, வெட்டியதை ஒரு மூலையில் கொட்டி அழுக விடுகிறார்கள். கார்த்திகை வந்ததும் அடியிலுள்ள வெட்டும் தகட்டைக் கழற்றி, முன்னால் ஓர் இரும்புப் பலகையைப் பூட்டினால் அதே இயந்திரம் பனி தள்ளும். ஊரில் பங்குனி, சித்திரை வெயிலில் மாட்டுக்கு ஒரு கட்டுப் புல்லுக்காகக் கரம்பொனிலிருந்து வேலணை வரை சைக்கிள் மிதித்தவன் நான். இங்கே அந்தப் புற்குவியலை முதன்முதல் பார்த்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. இப்போது எழுதுவதும் கோபத்தோடுதான். ஊரில் இருந்து வாசிப்பவர்களும் என்னைப்போல் வெளியே வந்து நிற்பவர்களும் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் டென்மார்க்குக்கு வந்தது 1984 பங்குனியில். ஒன்பது வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றேன். 1993 ஆவணியில், யூட்லாந்தின் ஒரு சிறு நகரத்தில், வயோதிபர்கள் குடியிருக்கும் வீட்டுத்தொகுதி ஒன்றில் உதவிப் பராமரிப்பாளன் வேலை கிடைத்தது. குழாய் திருத்துவது, மின்குமிழ் மாற்றுவது, புல், பனி. ஆறு மாதம் பரீட்சார்த்த காலம். தை மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் ஹென்னிங் 'ஆம்' என்று எழுதினால் வேலை நிரந்தரம்; இல்லையென்றால் மறுபடியும் மீன். மீன் தொழிற்சாலையில் என் விரல்கள் பத்தில் நான்கு குளிரில் உணர்ச்சி இழந்துவிட்டன. அதனால் அந்த 'ஆம்' எனக்கு வேண்டியிருந்தது.

எதையும் திகதியிட்டு எழுதிவைப்பது என் பழக்கம். அப்படி எழுதியதில் இயந்திரத்தின் பற்றறியைப் பற்றி மூன்று குறிப்புகள் இருந்தன. கார்த்திகை இரண்டாம் திங்கள்: பற்றறி மின்னைத் தாங்குவதில்லை, ஹென்னிங்கிடம் சொன்னேன். மார்கழி முதல் வெள்ளி: மறுபடி சொன்னேன். நத்தாருக்கு முந்திய செவ்வாய்: மூன்றாம் முறை. மூன்று தடவையும் அவர் என் தோளில் தட்டி, "டெ ஸ்கல் நொக் கோ" என்றார். 'எல்லாம் சரிவரும்' என்று அர்த்தம். நான் அதை வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டு, "திருத்துவதாகச் சொன்னார்" என்று எழுதிவைத்தேன். இங்கே பேச்சை முடித்துவைக்க அப்படிச் சொல்வார்கள் என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் விளங்கியது.

அந்தத் தை மாதம் என் மனைவி பவானியின் தமையன் சிவஞானம் அண்ணை வார இறுதிகளில் எங்களோடு இருந்தார். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் புளியங்கூடல்காரர். ஊரில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களும் இரண்டு சக்கர உழவு இயந்திரமும் திருத்துவார். 1990இல் இராணுவம் வந்து தீவுச் சனம் எல்லாம் வெளிக்கிட்டபோது, எஞ்சின் திருத்தும் தன் சாவிப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படகில் கடலைக் கடந்தவர். பிறகு மூன்று வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் குடும்பத்தோடு. அரசு போட்ட பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை. அப்போது சனம் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியது. கண்ணுக்கு மருந்து விடும் சிறு போத்தலில் பெற்றோலை வைத்துக்கொண்டு, நாலு துளி காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவது. வீதியெல்லாம் வெள்ளைப் புகை. இந்த வித்தையில் அண்ணைக்கு நிகர் ஆள் இல்லை என்று அவரோடு இருந்தவர்கள் எனக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். 1993 ஐப்பசியில் இங்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டார். முடிவு வரும்வரை முகாமில் இருக்கவேண்டும். வேலை செய்ய அனுமதி இல்லை. வெறும் கையோடு இருக்கத் தெரியாத ஒரு மனிதரை, வெறும் கையோடு இரு என்று ஓர் அரசு கட்டளையிட்டிருந்தது.

தை இரண்டாவது சனிக்கிழமை சிறிது பனி விழுந்தது. பாதையைத் துப்புரவாக்கச் சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. அண்ணையும் கூட வந்தார். பற்றறியை முதல்நாளே வீட்டுக்குக் கொண்டுபோய் மின்னேற்றி வைத்திருந்ததால் இயந்திரம் உடனே பிடித்தது. அண்ணை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மச்சான், இதென்ன பிள்ளையளின்ரை விளையாட்டுச் சாமானோ? நான் ஒருக்கா ஏறட்டே?"

"ஏறுங்கோ. ஆரும் பார்த்தால் இறங்கிப்போடுங்கோ."

ஏறி இருந்து, "நயினாதீவுத் தேரிலை ஏறினமாதிரிக் கிடக்கு" என்று சிரித்தார். வந்த மூன்று மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து எல்ஸா என்ற எண்பத்தொரு வயது மூதாட்டி யன்னலால் கைகாட்டிக் கூப்பிட்டார். குழாய் ஒழுகுகிறதாம். அரை மணித்தியாலம் நான் மேலே அவர் வீட்டில் நின்றேன். இறங்கி வந்தபோது முற்றம் முழுவதும் துப்புரவாக இருந்தது. இயந்திரம் கராச்சுக்குள் நிறுத்தப்பட்டிருந்தது. அண்ணை அதன் மூக்கைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டு நின்றார். விதிப்படி நான் அவரை அதில் ஏறவே விட்டிருக்கக் கூடாது. விட்டேன்.

திங்கட்கிழமை விடியமுன் முழங்கால் அளவு பனி. எல்ஸாவுக்கு இரத்தம் சுத்திகரிக்க வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி வாகனம் வரும். அன்று ஏழரைக்கு வரவேண்டும். நான் ஆறு மணிக்கே போய்ச் சாவியைத் திருகினேன். இரண்டு முறை இருமியது. மூன்றாம் முறை முனகியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. இழுத்தேன், தள்ளினேன், தமிழில் உள்ள கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் அதற்குச் சொன்னேன். கடைசியில் மண்வாரியை எடுத்துக் கையால் வெட்டத் தொடங்கினேன். வாகனம் வந்து வாசலில் புதைந்தது. சாரதியும் நானும் எல்ஸாவைக் கதிரையோடு தூக்கி, முழங்கால் பனிக்குள்ளால் கொண்டுபோனோம். நாற்பது நிமிடம் தாமதம். காற்றில் என் கண்ணிலிருந்து நீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா தன் கையுறையால் அதைத் துடைத்துவிட்டு, "அழாதே, நான் இன்னும் சாகவில்லை" என்றார். நான் அழவில்லை. கையில் கிடைத்தால் ஹென்னிங்கின் கழுத்தைத் திருகும் நிலையில் இருந்தேன்.

ஹென்னிங் ஒன்பது மணிக்கு வந்தார். இயந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்கள் நாட்டில் பனி இல்லை. குளிரில் ஒரு இயந்திரத்தை எப்படிப் பார்ப்பது என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். திட்டவேண்டும் என்று அவர் சொல்லவில்லை, இரக்கத்தோடுதான் சொன்னார். அதுதான் என்னைச் சுட்டது. நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். அலுவலகத்துப் பெண், தபால்காரர், வெளியே வந்து நின்ற வயோதிபர்கள் எல்லோர் முன்னாலும் மூன்று குறிப்புகளையும் டெனிஷ் மொழியில் பெயர்த்து உரக்க வாசித்தேன். "மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் சரிவரும் என்றாய். இன்று அந்த மனுசி செத்திருந்தால் யாருடைய குற்றம்?" என்று கேட்டேன். கிட்டத்தட்டப் பத்து வருடத்தில் இந்த நாட்டில் நான் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. ஹென்னிங்கின் முகம் சிவந்தது. உள்ளே போய், புதிய பற்றறியோடு வரும்படி திருத்துநருக்குத் தொலைபேசி எடுத்தார். எனக்கு அப்போது இருந்த சந்தோசத்தை மறைக்க விரும்பவில்லை. வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

திருத்துநர் பதினொரு மணிக்கு வந்து புதிய பற்றறியைப் பூட்டினார். எஞ்சின் வேகமாகச் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி சுற்றினார். பிளக்கைக் கழற்றினார். நனைந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோய் மணந்தார். தாங்கியின் மூடியைத் திறந்து அதையும் மணந்தார். பிறகு திரும்பி, கராச்சின் மூலையில் சூடாக்கும் அடுப்புக்கென்று வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கானைப் பார்த்தார். அதன் மூடி சரியாகப் பூட்டப்பட்டிருக்கவில்லை.

"யார் இதற்குள் மண்ணெண்ணெய் ஊற்றியது?"

எனக்கு மணம் வந்தது. நான் காணாத அந்த மூன்று வருடத்து யாழ்ப்பாண வீதிகளின் மணம் அதுவாகத்தான் இருக்கும். பெயரைச் சொன்னால், வேலை அனுமதியில்லாத அகதி விண்ணப்பதாரி ஒருவர் இங்கே இயந்திரம் ஓட்டினார் என்று ஹென்னிங் எழுதுவார். அந்தக் கடிதம் எந்த மேசைக்குப் போகும் என்பதை நினைக்கவே பயமாக இருந்தது. சொல்லாவிட்டால் என் 'ஆம்' போய்விடும். யோசிக்க நேரம் இருந்தது என்று சொன்னால் அது பொய்.

"நான்தான்" என்றேன்.

"ஏன்?" ஹென்னிங் உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டார். அதற்கு ஒரு தடைக்காலத்தையே விளக்கவேண்டும். என் டெனிஷில் அதற்குச் சொற்கள் இல்லை. "எங்கள் ஊரில் அப்படித்தான்" என்றேன். அவர் மெல்லத் தலையாட்டினார். காலையில் அவர் சொன்னதை நானே என் வாயால் ஒப்புக்கொண்டுவிட்டேன். என் மூன்று முறைப்பாடுகளும் உண்மை. அவற்றில் ஒன்றும் அன்றைய காரணம் அல்ல.

முகாமுக்குத் திரும்பும் வாகனம் மாலைதான் என்பதால், நான் வீட்டுக்குப் போனபோது அண்ணை அங்கேதான் இருந்தார். குசினியில் பவானிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அந்த எஞ்சினுக்குள்ளை என்ன ஊத்தினீங்கள்?"

"மண்ணெண்ணெய். பாதிக்குப் பாதி. நல்லாத்தானே ஓடினது?"

"ஆர் உங்களை ஊத்தச் சொன்னது?"

"இதை ஆரும் சொல்லவேணுமே? சூடாகின எஞ்சினுக்கு முழுக்கப் பெற்றோல் விடுறதைப் பார்க்க எனக்கு வயிறு எரிஞ்சுது மச்சான். உமக்கு இஞ்சை இருந்து பழகிப்போச்சு."

"இது புளியங்கூடல் இல்லை. ஆறின பிறகு இந்தக் குளிருக்கு அது பிடிக்காது. ஒரு கிழவி சாகப் பார்த்தது. என்ரை வேலையும் போகப்போகுது. நான்தான் ஊத்தினனான் எண்டு சொல்லிப்போட்டு வந்து நிக்கிறன்!"

அண்ணை கத்தியைக் கீழே வைத்தார். "ஏன் அப்பிடிச் சொன்னனீர்? நான் போய் உண்மையைச் சொல்லுறன்."

"சொல்லுங்கோ! சொல்லிப்போட்டு அப்பிடியே பிளேனிலையும் ஏறுங்கோ."

"இனிப் போதும்" என்றாள் பவானி. யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. எங்கள் இருவரையுமே அவள் பார்க்கவில்லை.

அன்று முழுவதும் எனக்கு அண்ணைமேல் கோபம். மறுநாள் அது இடம் மாறியது. ஒரு நல்ல திருத்துநனை, நாலு துளி பெற்றோலைக் கண்ணுக்குள் விடும் மருந்துபோல் அளக்கும்படி செய்தவர்கள் கொழும்பில் சுகமாக இருக்கிறார்கள். அவர்கள் போட்ட தடை அவர் உடம்புக்குள் புகுந்து, ஐந்தாயிரம் மைல் கடந்து, ஓர் அந்நியக் கிழவியின் வாசலை அடைத்தது. அதற்கு ஒருவரும் பதில் சொல்லப்போவதில்லை. பதில் சொன்னவன் நான் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை ஹென்னிங் கூப்பிட்டார். கோப்பி ஊற்றித் தந்தார். நான் நல்ல உழைப்பாளி என்றார், நேர்மையாக ஒப்புக்கொண்டதை மதிக்கிறேன் என்றார், ஆனால் நிரந்தரமாக்க ஏலாது என்றார். எழும்பும்போது என் தோளில் தட்டி, "டெ ஸ்கல் நொக் கோ" என்றார். அந்த முறை நான் அதைச் சரியாக விளங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை மறுபடி பனி. வீட்டுக்கு முன்னாலுள்ள நடைபாதையை வீட்டில் குடியிருப்பவனே துப்புரவாக்கவேண்டும் என்பது இங்கே சட்டம். நான் மண்வாரியோடு இறங்கினேன். அண்ணையும் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினார். திங்கட்கிழமைக்குப் பிறகு நாங்கள் இருவரும் பேசவில்லை. நான் மதிலோரம் தொடங்கினேன். அவர் வாசலடியில் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து பார்த்தேன். அவர் மண்வாரியைக் கவிழ்த்துப் பிடித்து, மண்வெட்டியால் கொத்துவதுபோல் ஓங்கிப் போட்டு, பனியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தார். பாத்தி கட்டுகிறவர் கொத்துகிற அதே அளவான கொத்து. இழுத்த பனியெல்லாம் அவர் காலடியில் சேர்ந்து, எங்கள் வாசலையே மூடிக்கொண்டு வந்தது.

இப்படி இழுக்கக்கூடாது, முன்னால் தள்ளவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வசனம் டெனிஷ் மொழியில்தான் என் நாக்கில் வந்து நின்றது. சொல்லவில்லை. குனிந்து என் கைகளைப் பார்த்தேன். அவை தள்ளிக்கொண்டிருந்தன. இழுப்பதை அவை எப்போது விட்டன என்று எனக்குத் தெரியாது.

"என்ன மச்சான் பார்க்கிறீர்?" என்றார் அண்ணை, மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஒண்டுமில்லை. உங்கடை பாட்டிலை செய்யுங்கோ."

நான் தெருப்பக்கம் தள்ளினேன். அவர் வீட்டுப்பக்கம் இழுத்தார். நடுவிலிருந்த பாதை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது.