சணல் படகில் ஒரு துளை

எங்கள் படகுப் பட்டறையில் அவளுக்கு ‘ரெசின் அக்கா’ என்று பெயர். அச்சின் மேல் துணியை விரித்து, ரெசின் பசையை ஊற்றி, காற்றுக் குமிழி தங்காமல் ரோலரால் தேய்ப்பாள். கண்ணாடி ஃபைபர் காலத்தில் வீட்டுக்குப் போயும் உடம்பெல்லாம் அரிக்கும். சணல் துணி வந்தபின் அந்தத் தொல்லை ஒழிந்தது. பின்னால் நின்று ரோலர் எடுத்துக் கொடுப்பது அவள் கணவன். வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. கையைப் பின்னால் நீட்டினால் போதும்.

முதல் சணல் படகை இருவருமாக முடித்த கையோடு அவன் மாரடைப்பில் போய்விட்டான். அக்கா அழவில்லை, வேலைக்கு வந்துவிட்டாள். சணல் துணியை உலர்த்தி வெட்டிக் கொடுக்கும் நாத்தனார் அன்றிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கல்நெஞ்சக்காரி என்று எங்களிடம் பொருமினாள். நாங்களும் தலையாட்டினோம். சும்மா இருக்கத் தெரிந்தால்தானே.

படகைச் சோதிக்கத் தட்டுக்காரர் வந்தார். காசால் தட்டி, உள்ளே துணி அடுக்குகள் ஒட்டாத இடத்தைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பவர். நன்றாக ஒட்டிய கண்ணாடி ஃபைபர் கணீரென்று கேட்கும். இது எங்கே தட்டினாலும் பொத்தென்றது. படகு முழுக்கச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, எதுவுமே ஒட்டவில்லை, உடைத்துப் போட வேண்டியதுதான் என்றார். அக்கா யார் வீட்டுப் படகோ என்பதுபோல் நின்றாள். நாத்தனார்தான் குறுக்கே வந்து விழுந்தாள்.

“எங்கண்ணன் கடைசியா செஞ்சது. ஒரு எடத்துல வெட்டிப் பாத்துட்டு அப்புறம் உடைங்க.”

உள்ளங்கை அகலத்துக்கு வெட்டினார்கள். அடுக்குகள் ஒன்றோடொன்று இறுகி ஒரே பலகையாக இருந்தன. சணல் சத்தத்தை விழுங்கிவிடும் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தட்டுக்காரர் அசடு வழிந்தபடி வட்டங்களை அழித்தார். படகு பிழைத்தது.

துளையை அடைக்க அக்காவைக் கூப்பிட்டார்கள். சணல் துண்டை வைத்தாள், ரெசினை ஊற்றினாள், வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைப் பின்னால் நீட்டினாள். கை அப்படியே நின்றது.

“என்னங்க, குடுங்க,” என்றாள்.

நாத்தனார் ஓடிவந்து ரோலரை அந்தக் கையில் வைத்தாள்.

“இந்தாங்க அண்ணி. நான்தான்.”

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, குமிழி எல்லாம் போகும்வரை தேய்த்து, ரோலரைக் கீழே வைத்துவிட்டுத்தான் அழுதாள்.