காற்றில் விட்ட மருந்து

தேனில் குழைத்த திப்பிலிப் பொடி நாக்கில் முதலில் இனிக்கும், பிறகு தொண்டைவரை காந்தும். எனக்குப் பத்து வயதானபோது, அப்பா தினமும் காலையில் அதை விரலால் வழித்து என் வாயில் வைப்பார். எனக்கு மூச்சிரைப்பு இருந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு "இழுப்பு" என்றுதான் பெயர்.

தஞ்சாவூர் டாக்டர் காலையும் மாலையும் தவறாமல் உறிஞ்சச் சொல்லி ஒரு இன்ஹேலர் கொடுத்திருந்தார். வீட்டில் அதைப் "பம்ப்பு" என்போம். அம்மாவுக்கு அதில்தான் நம்பிக்கை. அப்பாவோ, விதைநெல் வாங்கப் போன இடத்தில் யாரோ சொன்னார்கள் என்று, திருவையாற்றில் ஒரு சித்த வைத்தியரிடமும் என்னை அழைத்துப் போனார். வைத்தியர் நாடி பார்த்துப் பொடியை மடித்துக் கொடுத்துவிட்டு, "பம்ப்ப நிறுத்திடாதீங்க. ரெண்டும் சேர்ந்தே நடக்கட்டும்" என்று அப்பாவிடம் இரண்டு முறை சொன்னார். அது என் காதிலும் விழுந்தது.

இருந்தும் நான் நிறுத்தினேன். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் தோழி, "பம்ப்பு பழகிட்டா சாகுற வரைக்கும் விடாதாம்டி" என்று சொல்லியிருந்தாள். பொடியை அப்பா கையால் தின்றாக வேண்டும். பம்ப்பை மட்டும் என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். கொல்லைக் குழாயடியில் நின்று அதைக் காற்றில் இரண்டு முறை அழுத்திவிட்டு வருவேன். "எடுத்தியா?" என்பாள் அம்மா. "எடுத்துட்டேம்மா" என்பேன்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. தை பிறந்து சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்க, வாசல்வரை வைக்கோல் தூசி பறந்த ஒரு மத்தியானம், மூச்சு உள்ளே போகாமல் உதடு நீலம் பாரித்துவிட்டது. அப்பா களத்திலிருந்து ஓடிவந்து என்னை வாரியெடுத்துக் காரில் போட்டார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடி மாட்டியபின், டாக்டரம்மா குனிந்து, "பம்ப்பு தினமும் எடுத்தியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "உங்க பொடிதாங்க என் புள்ளைய இந்தக் கதிக்கு ஆக்கிடுச்சு."

அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "நான்தாம்மா தப்புப் பண்ணிட்டேன்" என்றார். முகமூடியை ஒரு கையால் விலக்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் விலக்கவில்லை.

வீடு திரும்பியதும் அப்பா பொடியைக் குப்பையில் கொட்டினார். அம்மா வைத்தியர் வீட்டுக்கே போய் அவரைத் திட்டிவிட்டு வந்தாள். பயந்துபோன நான் அதன்பின் பம்ப்பை ஒழுங்காக எடுத்தேன்; இழுப்பு அடங்கியது; அதுவே பொடிக்கு எதிரான சாட்சியாகவும் ஆகிவிட்டது. அப்பா பிறகு எதிலும் யோசனை சொல்வதில்லை. என் படிப்போ கல்யாணமோ, எதைக் கேட்டாலும், "அம்மாவக் கேளும்மா, எனக்கு அதெல்லாம் தெரியாது" என்பார்.

வைத்தியர் வீடு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அப்பா போய் நான்கு வருஷமாகிறது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவரிடம் அம்மா அந்தக் கதையைச் சொன்னாள். "தங்கமான மனுஷன்தான் மாப்பிள்ளை. ஆனா அவர் பாத்த வைத்தியத்துல அன்னைக்கு இவ போயிருப்பா."

கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்பாவுக்காகப் பேச அந்த வீட்டில் என்னைவிட்டால் யாரும் இல்லை. ரசம் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.